வீட்டு நாய்க்கு வெறி வராதா?

அச்சரப்பாக்கத்துக் கடைவீதியில் காலை வேளையில் தேநீர் அருந்திக்கொண்டிருப்பவர்களிடம் நாயைப் பற்றிப் பேச்செடுத்தால், இரண்டு நிமிஷத்துக்குள் அது தெருநாயைப் பற்றிய பேச்சாகிவிடும். பெருஞ்சாலையில் இருசக்கர வாகனத்தின் குறுக்கே பாய்ந்தது, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையைத் துரத்தியது, இறைச்சிக்கடை வாசலில் கூட்டமாய்ப் படுத்திருந்தது என்று ஒவ்வொருவரும் ஒரு குற்றப்பத்திரிகை வாசிப்பார்கள். அவர்களில் நாய் வளர்ப்பவராகப் பார்த்து, "உங்கள் நாய்க்கு இந்த வருஷத்து ஊசி போட்டாயிற்றா?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அது வீட்டு நாய்ங்க, அதுக்கு எதுக்குங்க வெறிநாய் ஊசி?" என்பார். அந்த மறுமொழியில் கோபமும் இல்லை, கபடமும் இல்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறான் என்று சொல்லுகிறவனுக்கு இருக்கும் நிச்சயம்தான் இருக்கிறது. அந்த நிச்சயத்தோடுதான் எனக்கு வழக்கு.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதற்குரிய பலத்தோடு முதலில் எடுத்துரைப்பது நியாயம். வெறி என்பது தெருவில் பிறந்து, தெருவில் திரிந்து, தெருவிலேயே பரவும் பிணி. வீட்டு நாயோ வேளைக்குச் சோறு உண்டு, பெயர் சொல்லி அழைத்தால் வாலாட்டி வந்து, குழந்தைகளோடு திண்ணையில் உறங்குவது. ஆகவே ஊசியும் சட்டமும் செலவும் தெருநாயின்பால் திரும்பட்டும், வீட்டு நாயை அதன் எஜமானன் பார்த்துக்கொள்வான் என்பது அவ்வாதம். இதில் பாதி உண்மை உண்டு. நம் தேசத்தில் மனிதர்க்கு இந்நோயைக் கொணர்ந்து சேர்ப்பவற்றில் உடையவனில்லாத நாய்களே மிகுதி என்பதை நான் மறுக்கவில்லை. தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டில் பதிவான நாய்க்கடிகள் ஏறக்குறைய 4.80 லட்சம், ரேபிஸ் கண்டு மாண்டவர்கள் 43 பேர் என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து அஞ்சுகிறவர்களை நான் பரிகசிக்கவும் இல்லை. ஆனால் பாதி உண்மையின் மீது முழுக் கட்டிடத்தையும் எழுப்பிக் குடிபுகுந்து, அதன் நிழலில் அயலாரையும் உறங்கச் சொல்லும்போதுதான் மறுப்பது கடமையாகிறது.

முதலில், வீட்டு நாய் என்று நாம் அழைக்கும் அந்தப் பிராணி எங்கே வசிக்கிறது என்று பார்ப்போம். பெருநகரத்து அடுக்குமாடியில் மெத்தைமேல் துயிலும் நாயை விட்டுவிடுங்கள். அச்சரப்பாக்கத்திலும் மதுராந்தகத்திலும், கிழக்கே கல்பாக்கம் முதல் மாமல்லபுரம் வரையிலுள்ள மீனவர் குப்பங்களிலும், வீட்டு நாய் என்பது சோற்று வேளைக்கு வீட்டினுடையது, மற்ற வேளைக்கு ஊரினுடையது. பகலெல்லாம் கட்டிக் கிடந்தாலும் இரவில், "காவல் காக்கட்டும்" என்று அவிழ்த்துவிடப்படுகிறது. அவிழ்த்துவிட்ட நாய் வேலிக்குள் நின்று காவல் காப்பதில்லை, வயல்வரப்பில் கீரியைத் துரத்துகிறது, ஏரிக்கரையில் பிற நாய்களோடு உறவாடுகிறது, கார்த்திகை மார்கழிப் பருவத்தில் துணை தேடி ஊரைச் சுற்றிக் கடிபட்டுத் திரும்புகிறது. விடியற்காலையில் வாசலில் சுருண்டு கிடப்பதைக் கண்ட எஜமானன், தன் நாய் இரவு முழுதும் அங்கேயே கிடந்ததென்று நம்புகிறான். தெருநாய்க்கும் வீட்டு நாய்க்கும் இடையே நாம் கற்பித்துக்கொண்ட எல்லைக்கோடு நாய்க்கே தெரியாதபோது, நாயின் உமிழ்நீரில் வாழும் வைரஸ் அதை எப்படி அறியும்?

கம்பி வாயில் வைத்துக் கட்டிய மதிலுக்குள்ளேயே கிடக்கும் நாயாயினும் இதே கதைதான். வெளியே போகும் நாயும் உள்ளே கிடக்கும் நாயும் வாயிற்கம்பிக்கு இருபுறமும் நின்று மூக்கோடு மூக்கு உரசிக் குரைத்துக்கொள்வதை நாம் நித்தியம் காண்கிறோம். அந்தச் சச்சரவில் மூக்கிலோ உதட்டிலோ படும் ஒரு பல்லின் கீறல் மயிருக்குள் மறைந்து நான்கு நாளில் ஆறிவிடும். உடையவன் அதைக் கண்டிருக்கமாட்டான். ஆனால் காயம் ஆறிய பிறகும் கிருமி ஆறுவதில்லை. அது நரம்பின் வழியே மெள்ள மெள்ள மூளையை நோக்கி ஏறுகிறது. வாரங்கள் செல்லலாம், மாதங்களும் செல்லலாம். மூளையை அடைந்தபின் அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இறங்குகிறது. நாய்க்கு நோய்க்குறி ஒன்றும் தோன்றாத கடைசிச் சில நாட்களிலேயே அதன் எச்சிலில் விஷம் ஊறத் தொடங்கிவிடுகிறது. அந்தச் சில நாட்களில் அது வழக்கம்போல் வாலாட்டுகிறது, வழக்கம்போல் குழந்தையின் முழங்காற் சிராய்ப்பை நக்குகிறது.

வெறி என்ற சொல்லே நம்மை ஏமாற்றிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. வெறி என்றவுடன் நுரை கக்கிக்கொண்டு, கண்டதையெல்லாம் கடித்துக்கொண்டு, தெருவோடு ஓடும் நாயையே மனம் சித்திரித்துக்கொள்கிறது. "என் நாய் அப்படியில்லையே" என்று உடனே ஆறுதலும் அடைகிறது. இந்நோய்க்கு மற்றொரு ரூபம் உண்டு. அதில் நாய் கடிக்க ஓடுவதில்லை; கட்டிலுக்கு அடியிலோ மாட்டுக் கொட்டிலின் இருண்ட மூலையிலோ போய் ஒடுங்கிவிடுகிறது. கீழ்த்தாடை தொங்கிப்போகிறது, உமிழ்நீர் ஒழுகுகிறது, குரல் மாறுகிறது, நீரும் சோறும் தொண்டையில் இறங்குவதில்லை. தெருநாய் இந்நிலையில் கிடந்தால் அதன் அருகே எவரும் போவதில்லை. வீட்டு நாய் கிடந்தால், "ஐயோ, தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டதோ!" என்று வாயைத் திறந்து கையை விடுகிறவர் யார்? அந்த வீட்டுத் தாய். அந்த வீட்டுப் பிள்ளை. அச்சம் தெருநாயிடமிருந்து நம்மைக் காக்கிறது. வீட்டு நாயிடமிருந்து நம்மைக் காக்க அச்சமும் இல்லை. அன்பே நம் கையைப் பிடித்து அதன் வாய்க்குள் கொண்டுபோய் விடுகிறது. வீட்டு நாய்க்கு ஊசி வேண்டாம் என்பவர்கள் எந்த நெருக்கத்தைத் தம் கட்சிக்கு ஆதாரமாகக் காட்டுகிறார்களோ, அந்த நெருக்கமே அதற்கு எதிரான முதற் சாட்சி.

பூனை வளர்ப்போர் இவ்வழக்கில் தம்மைப் பிரதிவாதியாகக் கருதுவதேயில்லை. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் எலிகள் சூழ நின்று தவம் செய்யும் பூனையை அறியாதார் இல்லை. அந்தச் சாதுத் தோற்றம் எலிகளை ஏமாற்றியது போலவே நம்மையும் ஏமாற்றுகிறது. இரவெல்லாம் கூரைமேல் சண்டையிட்டுவரும் பூனைக்கும் இந்நோய் வரும். அதன் பல்லும் பிறாண்டலும் நாயினுடையவற்றுக்கு இளைத்தவை அல்ல.

இனி இரண்டாவது வாதம்: "குட்டியாக இருந்தபோதே ஒரு ஊசி போட்டாயிற்று." இவ்வாதம் முதலாவதைவிட அபாயகரமானது, ஏனெனில் இதைச் சொல்லுகிறவர் நல்லவர், ஒருமுறையேனும் கடமையைச் செய்தவர், அதனாலேயே ஆயுள் முழுதும் நிம்மதியாய் இருக்கிறவர். குட்டிக்கு மூன்று மாதம் ஆகும்போது முதல் ஊசி போடுவது வழக்கம். அதற்கு முன்னர் போட்டால், தாய்ப்பாலோடு வந்த எதிர்ப்புப் பொருளே மருந்தின் வேலையைக் கெடுத்துவிடக்கூடும். முதல் ஊசிக்குப் பின் சில வாரம் கழித்து ஊக்க ஊசி ஒன்றும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் போடச் சொல்லிக் கால்நடை மருத்துவர் அட்டையில் தேதி குறித்துத் தருகிறார். ஏன் ஆண்டுதோறும்? முதல் ஊசி உடம்புக்குப் பகைவனின் முகத்தைக் காட்டிவைக்கிறது. காலம் செல்லச் செல்ல அந்த ஞாபகம் மங்குகிறது. ஒரு நாயில் மெதுவாக, மற்றொன்றில் விரைவாக, பட்டினியும் குடற்புழுவும் உள்ள நாயில் இன்னும் விரைவாக மங்கலாம். சில மருந்துகள் மூன்றாண்டு வரை காக்கும் என்று அங்கீகாரம் பெற்றவை என்பது மெய்யே. ஆனால் எந்த மருந்து போடப்பட்டது, எப்போது போடப்பட்டது என்பதைச் சொல்ல அந்த அட்டை ஒன்றுதானே உண்டு? அட்டையைத் தொலைத்துவிட்டு, "எப்பவோ போட்டதா ஞாபகம்" என்கிறவர் மூன்றாண்டு மருந்தைப் பற்றி வாதிப்பது, பத்திரத்தைப் பறிகொடுத்தவன் நிலத்தின் பரப்பைப் பற்றி வழக்காடுவதற்கு ஒப்பாகும். தவணை தப்பிய ஊசி, போட்டது போலவும் இருக்கும், போடாதது போலவும் இருக்கும், கடிபட்டவர் மருத்துவமனையில் நின்று, "அந்த நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா?" என்று கேட்கும்போது, உடையவனால் ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது.

மூன்றாவது வாதம் இன்று மிகவும் செல்வாக்குப் பெற்றிருப்பது: "கடித்தால் என்ன? மனிதனுக்குத்தான் ஊசி இருக்கிறதே. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் போடுகிறார்களே." இவ்வாதம் சொல்லுகிறவருக்கு, அந்த ஊசி எவ்வழியே அவரிடம் வந்தது என்பதைச் சற்று நினைவூட்ட வேண்டும். 1885 ஜூலை 6ஆம் நாள், பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தம் மருந்தை முதன்முதலாகச் செலுத்தத் தொடங்கினார். பதினைந்து ஆண்டு கழித்து, 1900இல், இமயமலைச் சாரலில் கசௌலியில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. சென்னை மாகாணத்தில் கடிபட்டவன் பிழைக்க வேண்டுமாயின் இத்தேசத்தின் தென்கோடியிலிருந்து வடகோடிக்கு ரயிலேற வேண்டியிருந்தது. 1907இல் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்ட பிறகுதான் நம்மவர்க்கு மூச்சு வந்தது. 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் ஆட்டு மூளையிலிருந்து உருவாக்கிய மருந்தைத்தான் நம் பாட்டனாரும் தந்தையாரும், "தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி" என்று சொல்லிச் சொல்லி நம்மை அச்சுறுத்தினார்கள். அது 2004ஆம் ஆண்டோடு இந்தியாவில் நின்றுபோயிற்று. இன்று தோளில், தோலுக்குள்ளேயே, சில துளிகளில் முடிந்துவிடுகிற ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறது.

இந்தச் சௌகரியமே நம்மைக் கெடுத்துவிட்டது. மனிதனுக்குள்ள ஊசி, கடிபட்டோம் என்று அறிந்தவனுக்கே பயன்படும். நகக்கீறல் பட்டதைத் தாயிடம் சொன்னால் அடி விழுமென்று மறைக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு அது என்ன செய்யும்? உலகில் இந்நோயால் மாய்வோரில் பத்தில் நால்வர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருப்பது வீணில் அல்ல. 2025இல் உத்தரப்பிரதேசத்தில், சாக்கடையில் தத்தளித்த நாய்க்குட்டியைக் காப்பாற்றப்போன கபடி வீரர் ஒருவர், விரலில் பட்ட சிறு கடியைப் பொருட்படுத்தாமல் விட்டு உயிரிழந்தார். 2022இல் பாலக்காடு மாவட்டத்தில் கல்லூரி மாணவி ஒருவரை அண்டை வீட்டு வளர்ப்பு நாய் கடித்தது; அவர் ஊசியும் போட்டுக்கொண்டார், ஆயினும் உயிர் தப்பவில்லை. ஆழமான கடிக்கு ஊசி மட்டும் போதாது. காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் நீரில் கழுவ வேண்டும், காயத்துக்குள்ளேயே சீரம் செலுத்த வேண்டும், தவணை தவறாமல் அனைத்தையும் முடிக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் கிருமி நரம்பை முந்திப் பிடித்துவிட்டால் தோல்வி நேரலாம். நோய்க்குறி தோன்றியபின் வைத்தியம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. கடித்த பின்னர் மனிதனுக்குப் போடும் ஊசி ஒரு பந்தயம். கடிக்கும் முன்னரே நாய்க்குப் போடும் ஊசியில் பந்தயத்துக்கே இடமில்லை. வீட்டு நாய்க்கு ஊசி போடாமல் மனிதனுக்குள்ள ஊசியை நம்புகிறவர், தம் வீட்டுக் கிணற்றுக்குச் சுவர் எழுப்பாமல், விழுந்தவரைத் தூக்கும் கயிறு ஊரில் உண்டென்று பெருமை பேசுகிறவரே.

இவ்விடத்தில் ஒரு தவறான புரிதலையும் களைந்துவிட வேண்டும். என் வாதத்தைக் கேட்டு ஒருவர், "அப்படியானால் ஊசி போட்ட நாய் கடித்தால் கவலையில்லை" என்று முடிவுகட்டிவிடலாகாது. எந்த நாய் கடித்தாலும் காயத்தைக் கழுவி அன்றே மருத்துவமனைக்குப் போவதே முறை. "நம்ம நாய்தானே, பத்து நாள் பார்ப்போம்" என்று ஊசியை ஒத்திப்போடுவது இந்நாட்டில் பல உயிரைக் குடித்த சம்பிரதாயம். பத்து நாள் நாயைக் கவனிக்கச் சொல்லுவது மெய்யே. ஊசியை ஆரம்பித்துவிட்டுக் கவனிக்க வேண்டுமே அல்லாமல், கவனித்துவிட்டு ஆரம்பிப்பதற்கில்லை.

நான்காவது வாதம் ஏழ்மையைச் சாட்சிக்கு அழைக்கிறது: "நாட்டு நாய்க்கு இயற்கையிலேயே எதிர்ப்பு உண்டு, ஊசியெல்லாம் காசு கொடுத்து வாங்கிய சாதி நாய்க்கு." ராஜபாளையமாயினும் கோம்பையாயினும் பெயரற்ற செவலையாயினும், நரம்பு நரம்புதான், இந்தக் கிருமிக்குக் குலபேதம் கிடையாது. நாட்டு நாய்க்கு எதிர்ப்பு இருந்திருக்குமானால், இத்தனை நூற்றாண்டுகளாக இந்நோய் நம் மண்ணில் எந்த நாயைப் பற்றி நிலைத்து வந்தது? செலவைப் பற்றிய மனக்குறை நியாயமானது. ஆனால் ஆண்டுதோறும் ஜூலை 6ஆம் நாளையும் செப்டம்பர் 28ஆம் நாளையும் ஒட்டிக் கால்நடைப் பராமரிப்புத் துறையினர் இலவச முகாம்கள் நடத்துகிறார்கள். முன்னது பாஸ்டர் முதல் ஊசி போட்ட நாள். பின்னது அவர் மறைந்த நாள். இவ்விரு நாளிலும் ஒரு சைக்கிளில் நாயைக் கட்டிக்கொண்டு போவதற்கு ஆகும் செலவு, ஒரு தேநீரின் விலைகூட இராது. நம் மாவட்டத்தின் திருமணியில் 100 ஏக்கர் நிலத்தில் எழுப்பப்பட்ட மத்திய அரசின் தடுப்பூசி வளாகம் நெடுங்காலம் உற்பத்தியின்றிக் கிடந்ததைச் சுட்டிக்காட்டி அரசைக் கண்டிக்கிறவர்கள் பலர், கண்டனம் நியாயமே. அதைச் சொன்ன வாயே, அண்மையிலுள்ள கால்நடை மருந்தகத்தின் குளிர்ப்பெட்டியில் காத்திருக்கும் மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னால் கண்டனத்துக்கு அழகு கூடும்.

கடைசியாக, எல்லா வாதங்களுக்கும் அரசனாக அமர்ந்திருப்பது, "முதலில் தெருநாயை ஒழியுங்கள்" என்பது. சென்னை நகரம் பல பத்தாண்டுகள் நாய்களைப் பிடித்துக் கொன்றே பார்த்தது, நோய் போகவில்லை, 1996இல் அம்முறையைக் கைவிட்டுக் கருத்தடைக்கும் ஊசிக்கும் திரும்பிற்று. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும், தில்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன ஆணையைப் பதினோரு நாளில் திருத்தி, வெறிகொண்டவையும் மூர்க்கமானவையும் தவிர ஏனையவற்றைக் கருத்தடை செய்து, ஊசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொல்லிற்று. அத்தீர்ப்பின் குணதோஷங்களை இங்கு நான் ஆராயவில்லை. ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டால் நோயின் சங்கிலி அறுபடும் என்று வைத்திய சாஸ்திரம் சொல்லுகிறது. அந்த எழுபதில், வலையும் வண்டியும் ஆட்களும் இன்றி, பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாத்திரத்தில் வந்து நிற்கக்கூடியவை எவை? நம் வீட்டு நாய்களே. எளிதாய் முடியும் பாதியை நாம் செய்யாமல் விட்டுவிட்டு, அரிதாய் முடியும் பாதியை ஊராட்சி செய்யவில்லை என்று குறைகூறுகிறோம்.

இதைச் செய்து காட்டிய நாடுகள் உண்டு. யுத்தத்தில் நொறுங்கிக் கிடந்த ஜப்பான், 1950இல், நாய் வளர்ப்போர் ஒவ்வொருவரும் அதைப் பதிவுசெய்து ஆண்டுதோறும் ஊசி போட வேண்டுமென்று சட்டம் இயற்றியது; 1957க்குள் அத்தீவுகளில் நாய்வெறி அற்றுப்போயிற்று. நோய் போய்விட்டதே என்று அவர்கள் சட்டத்தை நீக்கிவிடவும் இல்லை. பக்கத்திலுள்ள இலங்கையில் 1973இல் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தனர். 1975 முதல் நாய்களுக்கு ஊசி போடும் இயக்கம் நடந்து, அந்தத் தொகை இப்போது ஐம்பதுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. ஜப்பானியரும் இலங்கையரும் நம்மைவிட நாயை வெறுத்தவர்கள் அல்லர். சென்னை மாநகராட்சியும் 2025இல் வளர்ப்பு நாய்க்கு உரிமமும், உரிமத்துக்கு ஊசிச் சான்றும் கட்டாயமாக்கி, தவறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தபோது எழுந்த முணுமுணுப்பைக் கேட்டவர்களுக்கு, நம் அன்பின் ஆழம் எத்தனை அடி என்பது விளங்கியிருக்கும்.

அச்சரப்பாக்கத்தார்க்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஊரின் பெயரே சொல்லிக்கொண்டிருக்கிறது. திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானுடைய தேரின் அச்சு இவ்விடத்தில் இற்றது என்றும், அதனால் இது அச்சிறுபாக்கம் ஆயிற்று என்றும் ஆட்சீஸ்வரர் கோயில் தலபுராணம் கூறும். பூமியே தட்டாகவும், சூரிய சந்திரர் சக்கரங்களாகவும் அமைந்த தேர் அது. அசுரர் எவரும் அதைத் தடுக்கவில்லை. புறப்படுமுன் விநாயகரை வணங்கும் சிறிய கடமை ஒன்று மறந்துபோயிற்று, அவ்வளவுதான். நம்மிடமும் குன்னூரும் கசௌலியும் உண்டு, மருத்துவக் கல்லூரி உண்டு, ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு, தேசியத் திட்டம் உண்டு, 2030க்குள் நாய்வெறியை ஒழிப்போம் என்ற சங்கற்பமும் உண்டு. தேர் பெரியது. வருஷத்துக்கு ஒருநாள் நாயைக் கூட்டிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போக மறந்துபோகிற இடத்தில் அதன் அச்சு இறுகிறது.

நாளைக் காலையில் அதே கடைவீதியில் தேநீர் வரும். தெருநாயின் மீது குற்றப்பத்திரிகையும் வாசிக்கப்படும். வாசிக்கட்டும். ஆனால் வாசிக்கிறவர் வீட்டை விட்டுக் கிளம்புமுன், குடும்ப அட்டையோடு செருகிவைத்திருக்கும் தம் நாயின் ஊசி அட்டையை எடுத்து, அதன் கடைசி வரியிலுள்ள தேதியை ஒருமுறை வாசித்துவிட்டு வரட்டும்.